வாசலுக்குத் தபாலும் வேண்டும், தபால்காரருக்குப் பாதுகாப்பும் வேண்டும்

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூர் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிமென்ட்தான். 1997-ஆம் ஆண்டு இங்கே ராம்கோ குழுமத்தின் சிமென்ட் ஆலை தொடங்கப்பட்டது. அப்போது இது பெரம்பலூர் மாவட்டம். 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமான பிறகு ஆலத்தியூரும் அதனுடன் சேர்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் கிடந்த நிலம் என்பதால் இந்தப் பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் நிறைந்திருக்கிறது. அதை நம்பி அரியலூர், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. ஆலைகள் வந்தால் லாரிகளும் வரும். சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் ஒரு பக்கம், சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரிகள் மறுபக்கம் என்று மாவட்டத்தின் சாலைகள் நிறைந்துவிட்டன. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலுமாவது இந்த லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மக்கள் கேட்டு வருவது இன்று நேற்று அல்ல.

இதே சாலைகளில்தான் கிராமத்துத் தபால்காரரும் போகிறார். சைக்கிளிலோ சொந்த மோட்டார் சைக்கிளிலோ, தோளில் ஒரு பை, சட்டைப்பையில் ஒரு கைபேசி. அவருக்கென்று தனிப் பாதை கிடையாது. லாரி வந்தால் மண்ணில் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். புழுதி அடங்கிய பிறகு மறுபடியும் ஏறிப் போக வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சாலை ஆபத்தானது, வேலை கடினமானது என்பதற்காகக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு தபால் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? அல்லது தபால் கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஊழியர் என்ன ஆனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடலாமா? இரண்டும் தவறு. ஆபத்தைக் குறைப்பது இயலக்கூடிய காரியம், அதற்கு ஆகும் செலவும் பெரிதில்லை. அதைச் செய்யாமல் விட்டால் நாளடைவில் தபாலும் நின்றுபோகும், ஊழியரும் பாதிக்கப்படுவார்.

மணியும் ஈட்டியும்

பழைய காலத்தில் தபால் பையைச் சுமந்துகொண்டு ஓடியவர்களை அஞ்சலோட்டக்காரர்கள் என்பார்கள். 'ரன்னர்' என்ற ஆங்கிலச் சொல்லும் புழக்கத்தில் இருந்தது. இவர்கள் கையில் ஓர் ஈட்டி இருக்கும். அதில் சலங்கை மணிகள் கட்டியிருக்கும். மணி ஓசை கேட்டுப் பாம்பும் காட்டு விலங்கும் விலகிப் போகும், வழியில் உள்ளவர்களும் தபால் வருகிறது என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அதையும் மீறி ஏதாவது வந்தால் ஈட்டி கைகொடுக்கும்.

இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓட்டக்காரரின் வாழ்க்கை எளிதாக இருந்ததில்லை. சம்பளமும் சொற்பம்தான். ஆனாலும் வழியில் என்ன ஆபத்து இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற கருவி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. இன்றைக்குக் காட்டுப் புலியின் இடத்தில் டிப்பர் லாரி இருக்கிறது. அப்படியானால் இன்றைய மணி எது, இன்றைய ஈட்டி எது என்று கேட்பது நியாயம்தானே?

யார் இந்தக் கிராம அஞ்சல் ஊழியர்?

இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கிராமப்புறங்களில் உள்ளன. உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை அஞ்சலகங்கள் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். கிளை அஞ்சலகத்தை நடத்துபவரும், அங்கிருந்து வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவரும் கிராம அஞ்சல் ஊழியர்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். பல ஊர்களில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கிறார்.

நகரத்துத் தபால்காரருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நகரத்தில் இருப்பவர் முழுநேர அரசு ஊழியர். கிராமத்தில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணி நேர வேலை என்று கணக்கு. வேறு வருமான வழி ஒன்று இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் நிபந்தனைகளில் ஒன்று. 65 வயது வரை பணியில் இருக்கலாம். ஆனால் முழுநேர அரசு ஊழியருக்குக் கிடைப்பது போன்ற ஓய்வூதியம் இவருக்குக் கிடையாது. கிளை அஞ்சலகம் இயங்குவதற்கு இடம் தேடித் தருவதுகூட அதை நடத்துபவரின் பொறுப்புதான்.

இவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்களா, இல்லையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977-இல் பி.கே. ராஜம்மா வழக்கில் தீர்ப்பு வந்தது. இவர்கள் வகிப்பது அரசுப் பதவியே, தகுந்த நடைமுறை இல்லாமல் வேலையிலிருந்து நீக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதுகாப்பு கிடைத்தாலும் இவர்கள் வழக்கமான அரசுப் பணிக்கு வெளியிலேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

2016-இல் கமலேஷ் சந்திரா குழு இவர்களுடைய ஊதியம் பற்றி அறிக்கை கொடுத்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி 2018 மே 22 முதல் நாடு முழுவதும் கிராம அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கிளை அஞ்சலகங்கள் மூடிக் கிடந்தன. 2018 ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது 3 லட்சத்து 7 ஆயிரம் பேர் பயனடைவார்கள் என்று அரசு சொன்னது. தபால் கொண்டுசெல்லும் ஊழியருக்கு 4 மணி நேர வேலைக்கு மாதம் 10,000 ரூபாயும், 5 மணி நேர வேலைக்கு 12,000 ரூபாயும் தொடக்க ஊதியமாக நிர்ணயிக்கப்பட்டன. அகவிலைப்படி தனி. முதல் முறையாக 'இடர் மற்றும் கடினப் பணிப் படி' என்ற ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவானது அன்று, குறிப்பிட்ட பகுதிகளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரியது. லாரி ஓடும் சாலையில் தினமும் போய் வருவதும் இடர்தான் என்ற எண்ணம் இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தகுதிகளில் ஒன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தாலும் போதும். ஓட்டத் தெரியுமா என்று கேட்கும் துறை, ஓட்டிப் போகும் வழி எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

பையில் என்ன வருகிறது?

'இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறதே' என்று பலர் சொல்கிறார்கள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதங்கள் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் தபால் பை காலியாகிவிடவில்லை. ஆதார் அட்டை தபாலில் வருகிறது. வாக்காளர் அட்டை வருகிறது. வங்கி அனுப்பும் ஏ.டி.எம். அட்டை, காப்பீட்டு நிறுவனத்தின் அறிவிப்பு, நீதிமன்றத்தின் சம்மன், வேலைக்கான அழைப்பு என்று எல்லாமே தபாலில்தான் வருகின்றன. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் இளைஞரின் பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில்தான் அவர் வீட்டுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆக, இன்றைய பையில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஒவ்வொன்றின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஒரு நீதிமன்ற அறிவிப்பு ஒரு வாரம் தாமதமாகக் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் நிலமே கைவிட்டுப் போகலாம்.

தபால் தவிர வேறு வேலைகளும் சேர்ந்திருக்கின்றன. 2018 செப்டம்பர் 1 அன்று இந்திய அஞ்சல் கட்டண வங்கி தொடங்கப்பட்ட பிறகு, தபால்காரர் கைபேசியும் விரல்ரேகைக் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கிறார். ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழையும் வீட்டிலேயே பதிவு செய்து கொடுக்கிறார். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றுபோனபோது, வங்கிக்குப் போக முடியாத கிராமத்து முதியவர்களுக்கு இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது.

வீட்டு வாசலில் கொடுப்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், ஊரில் யார் யார் வாசலில் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நடக்க முடியாத பாட்டி இருக்கிறார். கைக்குழந்தையுடன் தனியாக இருக்கும் பெண் இருக்கிறார். பகல் முழுவதும் முந்திரிக் காட்டிலோ சோளக் கொல்லையிலோ கூலி வேலை செய்பவர், ஒரு தபாலுக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு அஞ்சலகத்துக்கு வர முடியாது. ஆபத்தான சாலை என்பதற்காகத் தபால்காரர் போகக் கூடாது என்றால், அதே சாலையில் இந்தப் பாட்டி மட்டும் எப்படி நடந்து வருவார்? வீட்டு விநியோகத்தை நிறுத்தினால் ஆபத்து குறையாது. பயிற்சி உள்ள ஒருவர் சுமந்த ஆபத்தைப் பலவீனமான நூறு பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகவே அது முடியும்.

வழியில் இருக்கும் ஆபத்துகள்

லாரி ஒன்று மட்டும்தான் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. அடுத்தது நாய். தெரியாத வீட்டு வாசலில் தினமும் போய் நிற்க வேண்டிய வேலை இது. கட்டிப் போடாத வீட்டு நாயும் தெரு நாயும் தபால்காரரைப் பார்த்தால் துரத்துவது ஊரறிந்த விஷயம். இதைச் சிரிப்புக்குரிய விஷயமாகச் சித்திரிப்பவர்கள், வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது பாம்பு. வயல் வரப்பிலும் கருவேல முள் மண்டிய ஒற்றையடிப் பாதையிலும் போய்த்தான் சில வீடுகளுக்குத் தபால் கொடுக்க முடியும். பாம்புக்கடி எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை உணர்ந்து, 2024-இல் தமிழ்நாடு அரசு அதை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. நான்காவது வெயில். கத்திரி வெயிலில் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் நண்பகலில் சைக்கிள் மிதிப்பது என்ன பாடு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாவதாக இப்போது பணமும் சேர்ந்திருக்கிறது. கையில் ரொக்கத்துடன் ஆளில்லாத வழியில் போகிறவருக்குத் திருட்டுப் பயம் இருக்கத்தானே செய்யும்? அதிலும் பெண்கள் இந்த வேலைக்கு வரும்போது இந்தக் கவலை இன்னும் கூடுகிறது.

மலைப் பகுதியில் நிலைமை வேறு மாதிரி. நீலகிரி மாவட்டம் குன்னூர்ப் பகுதியில் தபால்காரராக இருந்த டி. சிவன் 2020-இல் ஓய்வு பெற்றபோது நாடு முழுவதும் செய்தியாக வந்தார். காட்டு யானையும் கரடியும் காட்டெருமையும் துரத்திய வழியில் தினமும் 15 கிலோமீட்டர் நடந்து, வழுக்கும் ஓடைகளைத் தாண்டி, சுமார் 30 ஆண்டுகள் அவர் தபால் கொடுத்திருக்கிறார். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 30 ஆண்டுகளாக ஒரு மனிதர் யானைக்குப் பயந்துகொண்டே வேலை செய்ய நேர்ந்தது ஏன், அந்த வழிக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியவில்லையா என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்க வேண்டும். உழைப்பவரைத் தியாகி ஆக்கிவிட்டால் அவருக்குச் செய்ய வேண்டியதை மறந்துவிடுவது எளிது.

கொரோனா காலத்தில் அரசு ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டியது. 2020 ஏப்ரலில், பணியில் இருக்கும்போது தொற்று ஏற்பட்டு இறக்கும் அஞ்சல் ஊழியர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அதில் கிராம அஞ்சல் ஊழியர்களும் சேர்க்கப்பட்டார்கள். முழுநேர ஊழியர், பகுதிநேர ஊழியர் என்று ஆபத்து பார்ப்பதில்லை என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. கிருமிக்குப் பொருந்திய நியாயம் லாரிக்கும் நாய்க்கும் பொருந்தாதா?

ஓசையில்லாமல் நிற்கும் தபால்

இந்தியாவில் கிராமத்து வீட்டு விநியோகத்தை யாரும் ஆணை போட்டு நிறுத்தப் போவதில்லை. அது நிற்பதானால் ஓசையில்லாமல்தான் நிற்கும். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாததால் ஊழியர் தூரத்து வீட்டுத் தபாலை இரண்டு நாள் சேர்த்து வைத்துக் கொண்டுபோவார். பிறகு அந்தத் தெருப் பையனிடம் கொடுத்து அனுப்புவார். பிறகு கைபேசியில் அழைத்து, 'தபால் வந்திருக்கு, வந்து வாங்கிக்குங்க' என்பார். கடைசியில் அதுவே வழக்கமாகிவிடும். ஊர் மக்களும் அதற்குப் பழகிவிடுவார்கள். தனியார் கூரியர் பல ஊர்களில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் ஊழியரை மட்டும் குறை சொல்வது அழகில்லை. 5 மணி நேரச் சம்பளத்தில், சொந்த வண்டியில், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் போகச் சொன்னால் யாராக இருந்தாலும் எங்காவது சுருக்கத்தான் பார்ப்பார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இதே பிரச்சினை கனடாவில் 2000-களின் நடுப்பகுதியில் பெரிதாக வெடித்தது. அங்கே கிராமத்து வீடுகளின் தபால் பெட்டி சாலையோரத்தில் கம்பத்தில் நிற்கும். காரில் வரும் ஊழியர் வண்டியை ஓரமாக நிறுத்தி, எட்டிப் பெட்டியில் தபாலைப் போட வேண்டும். பின்னால் வேகமாக வரும் வண்டி மோதிவிடும் என்று ஊழியர்கள் புகார் செய்தார்கள். வேலை செய்ய மறுக்கும் சட்ட உரிமையைப் பயன்படுத்தினார்கள். உடனே அஞ்சல் நிறுவனம் பல இடங்களில் வீட்டு விநியோகத்தை நிறுத்தியது. கிராம மக்கள் கொதித்தார்கள். 2006 டிசம்பரில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஊழியர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டு, கிராமத்துச் சாலையோரப் பெட்டிகளில் தபால் போடுவதை மீட்டுத் தொடர வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் பிறகு லட்சக்கணக்கான பெட்டிகள் ஒவ்வொன்றாக ஆய்வு செய்யப்பட்டன. சாலை வளைவா, வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன, ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சில பெட்டிகளைச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதுமானதாக இருந்தது. எதுவும் இயலாத இடங்களில் மட்டும் அருகில் பொதுப் பெட்டி வைத்தார்கள்.

இங்கே கற்க வேண்டியது ஆய்வு செய்த முறையை. ஒட்டுமொத்தமாக நிறுத்துவதற்குப் பதில், வழி வழியாகப் பார்த்து முடிவு செய்தார்கள். அதே கனடா 2025 செப்டம்பரில், செலவைக் காரணம் காட்டி சுமார் 40 லட்சம் முகவரிகளின் வீட்டு விநியோகத்தைப் பொதுப் பெட்டிக்கு மாற்ற அனுமதி கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1624-இல் தொடங்கிய அதன் அரசு அஞ்சல் சேவை, 2025 டிசம்பர் 30-உடன் கடிதம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. அங்கே கடிதம் அனுப்ப இனித் தனியார் நிறுவனத்தைத்தான் நாட வேண்டும். அரசுக் காரியம் எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடும் நாட்டுக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். விரல்ரேகை வைக்கவே தபால்காரர் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் நாட்டுக்கு ஒத்துவராது.

அமெரிக்காவின் பழைய கதை இன்னும் பயனுள்ளது. அங்கே 1896 வரை விவசாயிகள் தபாலுக்காக ஊர் அஞ்சலகத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஆண்டு கிராமப்புற இலவச விநியோகம் தொடங்கியது. ஆனால் சாலை மோசமாக இருக்கும் வழிகளுக்கு அஞ்சல் துறை வர மறுத்தது. 'சாலையைச் சரிசெய்யுங்கள், வருகிறோம்' என்றது. தபால் வேண்டும் என்பதற்காகவே உள்ளூர் நிர்வாகங்கள் பாலமும் சாலையும் போட்டன. 1897 முதல் 1908 வரை இதற்காக சுமார் 7 கோடியே 20 லட்சம் டாலர் செலவிடப்பட்டதாக அமெரிக்க அஞ்சல் துறையின் வரலாறு சொல்கிறது. தபால்காரருக்காகப் போட்ட சாலையில் பிறகு பள்ளிக் குழந்தைகளும் போனார்கள், விளைபொருளும் போயிற்று. தபால்காரருக்குப் பாதுகாப்பான சாலை ஊருக்கே பாதுகாப்பான சாலை.

நாய்க்கடிக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் ஆண்டுக்கு சுமார் 2,000 தபால்காரர்களை நாய்கள் தாக்குகின்றன. தொழிற்சங்கம் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. 2014-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி சொந்த வீட்டு வளாகத்துக்குள் நாய் கடித்தாலும் அதன் சொந்தக்காரர் குற்றவாளியாவார். அங்கே எத்தனை பேரை நாய் கடித்தது என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணினால்தான் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

ஆலத்தியூர் போன்ற ஊர்களில் செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

1. ஒவ்வொரு கிளை அஞ்சலகத்தின் விநியோக வழியையும் ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு செய்ய வேண்டும். அஞ்சல் துறை அதிகாரி, ஊராட்சித் தலைவர், காவல் நிலையத்திலிருந்து ஒருவர் ஆகியோருடன், முக்கியமாக அந்த ஊழியரும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் இந்த ஆய்வை வைத்துப் பேசலாம்.

2. தபால் கொடுக்கும் நேரத்தை லாரி நெரிசல் குறைந்த நேரமாக மாற்றிக்கொள்ளலாம். கோடையில் நண்பகலைத் தவிர்க்கலாம். இதற்குப் பணமே செலவாகாது.

3. தலைக்கவசம், மழைக்கோட்டு, இரவிலும் புழுதியிலும் தெரியும்படி ஒளிரும் பட்டை வைத்த மேலங்கி, கணுக்கால் மறைக்கும் காலணி, நல்ல டார்ச் விளக்கு ஆகியவற்றைத் துறையே கொடுக்க வேண்டும். இவைதான் இன்றைய மணியும் ஈட்டியும்.

4. வண்டிச் செலவைப் போகும் தூரத்துக்கும் அன்றைய பெட்ரோல் விலைக்கும் ஏற்பக் கணக்கிட வேண்டும்.

5. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். பணியில் விபத்து நேர்ந்தால் முழுநேர ஊழியருக்கு இணையான சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க வேண்டும்.

6. வெள்ளம், புயல், யானை நடமாட்டம் போன்ற நாட்களில் தபாலை நிறுத்தி வைக்க ஊழியருக்கு உரிமை வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து, முகவரிக்காரருக்குத் தெரிவித்துவிட்டால் அதற்குத் தண்டனை கூடாது. மறுநாள் கட்டாயம் கொடுத்துவிட வேண்டும்.

7. பணியில் நேரும் விபத்து, நாய்க்கடி, பாம்புக்கடி ஆகியவற்றைக் கிராம அஞ்சல் ஊழியர்களுக்கென்றே தனியாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஊர் மக்களுக்கும் பங்கு உண்டு. வீட்டு எண்ணைத் தெரியும்படி எழுதி வைப்பது, நாயைக் கட்டி வைப்பது, வாசல் கேட்டில் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவது, வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது ஆகியவை எல்லோராலும் முடியும்.

பணத்துக்கு எங்கே போவது?

அஞ்சல் துறை ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடுகிறதே என்று சிலர் கேட்கலாம். சாலை விஷயத்தில் அரியலூருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சுரங்கச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. சுரங்க நிறுவனங்கள் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதி மக்களின் நன்மைக்காக அந்தப் பணம் செலவிடப்பட வேண்டும். சாலை வசதியும் அதில் அடங்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு தனிப் பாதை போடுவதைவிட அந்தப் பணத்துக்குப் பொருத்தமான செலவு வேறென்ன இருக்க முடியும்? 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். ஆலைகள் அந்தப் பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

அஞ்சல் துறையின் வருங்காலத்துக்கும் இது நல்லதுதான். 1898-ஆம் ஆண்டின் பழைய சட்டம், கடிதம் கொண்டுசெல்லும் தனி உரிமையை அரசு அஞ்சலுக்கே கொடுத்திருந்தது. 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்தத் தனி உரிமை இல்லை. இனிப் போட்டிதான். அந்தப் போட்டியில் தனியார் எவருக்கும் இல்லாத ஒரு பலம் அஞ்சல் துறையிடம் இருக்கிறது. ஊரின் கடைசி வீட்டையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு மனிதர்தான் அந்தப் பலம். இணைய வணிக நிறுவனங்கள்கூட எட்டாத ஊர்களுக்கு அஞ்சல் துறையை நாடுவது அதனால்தான். அந்த மனிதரைப் பாதுகாப்பது செலவுக் கணக்கில் சேராது, முதலீட்டில் சேரும்.

பொறுப்பு யாருடையது?

அரியலூர் என்ற பெயர் இந்திய வரலாற்றில் ஒரு விபத்தால் பதிந்தது. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ரயிலை ஓட்டியது அவர் இல்லை. பாலத்தைக் கட்டியதும் அவர் இல்லை. ஆனாலும் தம் துறையின் கீழ் நடந்ததற்குத் தாமே பொறுப்பு என்று அவர் கருதினார்.

அதே மாவட்டத்தின் சாலையில் ஒரு தபால்காரர் லாரியில் அடிபட்டால் பொறுப்பு யாருடையது? லாரி ஓட்டுநர் மீது வழக்குப் பதிவாகும். அதோடு முடிந்துவிடும். அந்த வழியில் அந்த நேரத்தில் அவரை அனுப்பிய துறை, சாலையோரத்தில் நடைபாதை போடாத நிர்வாகம், கல் ஏற்றிய சுரங்கம் ஆகிய யாரையும் யாரும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகு பொறுப்பேற்பது பெருந்தன்மை. நடப்பதற்கு முன்பே பொறுப்பேற்பது கடமை.

கிராமத்து வீட்டு வாசலுக்கு வரும் தபால், அந்த வீட்டில் இருப்பவரும் இந்த நாட்டின் குடிமகன்தான் என்று அரசு ஒப்புக்கொள்வதற்கு அடையாளம். அதைக் கொண்டுவருபவரும் இந்த நாட்டின் குடிமகன்தான். ஒருவருடைய உரிமைக்காக இன்னொருவருடைய உயிரைப் பணயம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தலைக்கவசமும், ஒரு நடைபாதையும், ஆண்டுக்கு ஒரு நாள் ஆய்வும் இருந்தால் இரண்டையும் காப்பாற்றலாம். அதைச் செய்வதற்கு ஒரு விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.